நூறு புள்ளி எடுத்த பக்கமும் வாசிக்க முடியாத படிவமும்

இழப்பீட்டு விண்ணப்பப்படிவம், காணி தொடர்பான அறிவித்தல், நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் என்று ஒரு காலத்தில் கச்சேரிச் சுவரிலும் கிராம அலுவலரின் அலுவலகக் கதவிலும் ஒட்டப்பட்டவை இப்போது இணையத்தளங்களில் ஏற்றப்படுகின்றன. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவுக்கான பெயர்ப்பட்டியல்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன, மேன்முறையீடுகளும் இணையவழியாகக் கோரப்பட்டன. சுவரில் ஒட்டிய தாளைப் பார்வையற்ற ஒருவரால் வாசிக்க முடியாது. இணையத்தில் ஏற்றிய தாளை அவரால் தானே வாசிக்க முடியும். ஆனால், அதை ஏற்றியவர் சரியாக ஏற்றியிருக்க வேண்டும்.

வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய விபரம், அவரைக் கடைசியாக எங்கே யாரிடம் ஒப்படைத்தார்கள் என்ற கூற்று, வங்கிக் கணக்கிலக்கம், அடையாள அட்டை இலக்கம் இவை எல்லாவற்றையும் சந்தியிலுள்ள தொடர்பாடல் நிலையத்தில், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது, சத்தமாகச் சொல்லித்தான் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும் என்றால் சொல்ல விரும்பாதவர் அந்தப் படிவத்தை நிரப்பாமலே விட்டுவிடுவார். எங்கள் ஊர்களில் சில விடயங்களைச் சத்தமாகச் சொல்லாமல் இருக்க நிறையக் காரணங்கள் உண்டு.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு வகையில் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ நினைவில் வைத்திருப்பதிலோ சிரமம் உள்ளவர்கள். இவர்களில் பார்வைச் சிரமம் உள்ளவர்களே அதிகம், ஏறத்தாழ 10 இலட்சம் பேர். எறிகணையிலும் கண்ணிவெடியிலும் கண்ணையும் கையையும் காலையும் இழந்தவர்கள் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு ஓர் இணையத்தளம் பயன்படுகிறதா என்று பரிசோதிக்க முடியும். அதற்கு அணுகல்தன்மைப் பரிசோதனை என்று பெயர். பெயர்தான் பெரிது. அதன் முக்கியமான பகுதிகளைக் கணினி படிக்காத ஒருவரும், கையில் ஒரு கைபேசி இருந்தால், அரை மணித்தியாலத்தில் செய்து பார்க்கலாம்.

காதால் வாசிப்பது

முதலில், பார்வையற்ற ஒருவர் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று தெரிய வேண்டும். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். அன்ட்ரொய்ட் கைபேசிகளில் அது டோக்பெக் என்ற பெயரில் இருக்கிறது, ஐபோனில் வொய்ஸ்ஓவர். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற மென்பொருளை இலவசமாகத் தரவிறக்கலாம். அவுஸ்திரேலியாவில் 2006இல் அதை உருவாக்கத் தொடங்கியவர் மைக்கேல் கரன், அவரும் பார்வையற்றவர். தமிழையும் இவை வாசிக்கும். குரல் இயந்திரக் குரல்தான், ஆனாலும் பழகிய காதுக்குப் போதும்.

திரைவாசிப்பான் பக்கத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்துக்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கும் குறிகளை வாசிக்கிறது. இது தலைப்பு, இது இணைப்பு, இது பொத்தான், இது பெயர் எழுதும் பெட்டி என்று குறித்திருந்தால் அதைச் சொல்லும். குறிக்காவிட்டால் "பெயரிடப்படாத பொத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஒரு பக்கம் காதுக்கு வெறும் இரைச்சலாக இருப்பது இதனால்தான்.

இந்தக் குறிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலகளாவிய வழிகாட்டல் ஒன்று இருக்கிறது. உலகளாவிய வலைச் சங்கம் 1999இல் வெளியிட்ட அதன் முதற்பதிப்பு பல தடவை திருத்தப்பட்டு, 2023 ஒக்டோபரில் 2.2 என்ற பதிப்பாக வந்தது. உள்ளடக்கத்தை உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், விளங்கிக்கொள்ள முடிய வேண்டும், எந்தக் கருவியிலும் அது தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற நான்கு எதிர்பார்ப்புகளே அதன் அடிப்படை. அதில் கணக்கும் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 ஆக இருக்க வேண்டும். வெள்ளையில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதி 'நவீன வடிவமைப்பு' என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கில் தோற்றுப்போவார்கள்.

கருவி சொல்லும் புள்ளி

பரிசோதனை என்றதும் பலரும் முதலில் தேடுவது தானியங்கிக் கருவியை. கூகுள் குரோம் உலாவியில் லைட்ஹவுஸ் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் நிறுவனத்தின் வேவ் என்ற கருவியும் இலவசம். பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் சில வினாடிகளில் குறைகளைக் காட்டிவிடும். வெப்எய்ம் ஒவ்வோர் ஆண்டும் உலகில் அதிகம் பார்க்கப்படும் 10 இலட்சம் முகப்புப் பக்கங்களை இப்படிச் சோதிக்கிறது. 2025இல் அவற்றில் 94.8 வீதமானவற்றில் குறை காணப்பட்டது. வசதி படைத்த நாடுகளின் பெரிய நிறுவனங்களும் இதில் அடக்கம் என்பதால், எங்கள் நாட்டு இணையத்தளங்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

கருவியைப் பயன்படுத்தத்தான் வேண்டும். படத்துக்கு விபரிப்பு இல்லை, எழுத்தின் நிறம் மங்கல், பொத்தானுக்குப் பெயர் இல்லை போன்றவற்றை அது மனிதரைவிட வேகமாகப் பிடிக்கும். ஆனால், கருவி குறை சொல்லவில்லை என்பதால் பக்கம் சரி என்று ஆகிவிடாது. பிரித்தானிய அரசின் இணையச் சேவைப் பிரிவினர் 2017இல் வேண்டுமென்றே 140க்கும் மேற்பட்ட தடைகளை வைத்து ஒரு பக்கத்தை உருவாக்கி, அதைப் பல கருவிகளுக்குக் கொடுத்தார்கள். மிகச் சிறந்த கருவியால்கூடப் பாதித் தடைகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2019இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மனுவெல் மட்டுசொவிச் என்ற இணைய வடிவமைப்பாளர் இன்னும் ஒரு படி போனார். எவருமே பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தைச் செய்து, அதற்கு லைட்ஹவுஸில் அணுகல்தன்மைக்கான முழு 100 புள்ளியையும் வாங்கிக் காட்டினார்.

காரணம் விளங்குவதற்கு எளிது. படத்துக்கு விபரிப்பு இருக்கிறதா என்று கருவி பார்க்கும், அந்த விபரிப்புக்குப் பொருள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தின் படமொன்றுக்கு "படம் 3" என்று விபரிப்பு எழுதினால் கருவி திருப்திப்பட்டுவிடலாம். "காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களை மடியில் வைத்தபடி கொட்டகையில் அமர்ந்திருக்கும் தாய்மார்" என்று எழுதினால்தான் பார்வையற்ற வாசகர் செய்தியைப் பெறுகிறார். எங்களைப் போன்ற தமிழ் ஊடகங்கள் இதில் அரச அலுவலகங்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. "மேலும் வாசிக்க", "மேலும் வாசிக்க", "மேலும் வாசிக்க" என்று இருபது இணைப்புகளை வரிசையாகக் காதால் கேட்டுப் பாருங்கள். எது எந்தச் செய்தி என்று எப்படித் தெரியும்?

தமிழுக்கென்று ஒரு சோதனை

வெளிநாட்டு வழிகாட்டல்களில் பெரிதாகப் பேசப்படாத, ஆனால் எங்களுக்கு முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எந்த மென்பொருளும் தேவையில்லை. இணையத்தளத்திலோ அதிலுள்ள பி.டி.எவ். ஆவணத்திலோ ஒரு வரியை விரலால் அழுத்தித் தெரிவுசெய்து, பிரதிசெய்து, வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

அதே வரி தமிழில் அப்படியே வந்தால் நல்லது, திரைவாசிப்பானுக்கும் அது தமிழாகவே போகும்.

வரியைத் தெரிவுசெய்யவே முடியாவிட்டால் அது எழுத்தல்ல, படம். கையொப்பமும் இறப்பர் முத்திரையும் இட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். பத்துப் பக்கப் பெயர்ப்பட்டியலாக இருந்தாலும் திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள்.

மூன்றாவது வகை எங்களுக்கே உரியது. பிரதிசெய்த தமிழ் வரி, ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாக வந்து விழும். அந்த ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பது அதன் பொருள். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் எழுத்துகளின் உருவத்தைப் போர்த்திவிடும் எழுத்துரு. கண்ணுக்கு "அம்மா" என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதையே வாசிக்கும். பாமினியில் தட்டச்சுப் பழகிய ஒரு தலைமுறையே அலுவலகங்களில் இருக்கிறது. அவர்கள் தட்டச்சை மாற்றத் தேவையில்லை, பாமினி விசை முறையிலேயே யுனிகோட் எழுத்தைத் தரும் கருவிகள் இருக்கின்றன. ஏற்கெனவே தட்டச்சு செய்ததை மாற்றித் தரும் இலவச மாற்றிகளும் இருக்கின்றன.

யுனிகோட்டில் இருந்தும் குழப்பம் வரும் இடம் ஒன்றுண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அது எந்த மொழியில் இருக்கிறது என்று உள்ளே ஒரு குறிப்பு எழுதப்பட வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைப் பிரதிசெய்து தமிழ்ப் பக்கத்தை உருவாக்கும்போது இந்தக் குறிப்பு ஆங்கிலம் என்றே இருந்துவிடுவதுண்டு. அப்போது திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை வைத்துத் தமிழை வாசிக்க முயன்று திணறும், அல்லது பேசாமலே கடந்துவிடும். மும்மொழித் தளங்களில் தமிழ்ப் பக்கத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

மவுஸை எடுத்து அப்பால் வையுங்கள்

அடுத்த சோதனைக்குக் கணினி வேண்டும். மவுஸைத் தொடாமல், விசைப்பலகையின் டேப் விசையை மட்டும் அழுத்தி அழுத்தி ஒரு படிவத்தை முடித்து அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரையில் ஒரு கோடு காட்ட வேண்டும். கோடு காணாமல் போனாலோ, ஒரு பெட்டிக்குள் போய் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு விரல்களை நுட்பமாக அசைக்க முடியாதவரும், கையிழந்து விசை அழுத்தும் கருவியொன்றைப் பயன்படுத்துபவரும் அதே இடத்தில்தான் நிற்பார்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவரும் அப்படித்தான். பிறகு உலாவியில் எழுத்தை 200 வீதமாகப் பெருப்பித்துப் பாருங்கள். ஒரு வரி இன்னொன்றின் மேல் ஏறாமல், பொத்தான் திரைக்கு வெளியே ஓடாமல் இருக்க வேண்டும்.

கைபேசியில் டோக்பெக்கை நீங்களே இயக்கிப் பார்க்கலாம். அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் அது இருக்கும். வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்ததை வாசிக்கும், இரண்டு தடவை தட்டினால் திறக்கும். நிறுத்துவது எப்படி என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், இல்லாவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஆனால், கண் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சோதனை உண்மையான சோதனை அல்ல. பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும், தடுமாறினால் கண்ணைத் திறந்துவிடுவார்.

2009இல் எறிகணை வீச்சில் இரண்டு கண்களையும் இழந்த, முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவருடன் அண்மையில் உட்கார்ந்து ஓர் இணையவழி விண்ணப்பத்தைத் திறந்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. அந்தப் படிவத்தை முன்னரே கருவியில் சோதித்திருந்தேன். எழுதும் பெட்டிகளில் ஒரு குறையும் அது காட்டவில்லை. அவர் போனில் விரலைத் தள்ளினார். "இங்கே தட்டச்சு செய்க", "இங்கே தட்டச்சு செய்க", "இங்கே தட்டச்சு செய்க" என்றது குரல்.

"தம்பி, எதை இங்க அடிக்கச் சொல்லுது?" என்று கேட்டார்.

பெட்டிக்கு மேலே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால், அந்தச் சொற்கள் பெட்டியோடு இணைக்கப்படவில்லை. பெட்டிக்குள் மங்கலாக எழுதியிருந்த வாசகத்தையே பெயராக எடுத்துக்கொண்டு கருவி திருப்தியடைந்திருக்கிறது. பிறந்த திகதிக்கு ஒரு நாட்காட்டி திறந்தது. நடப்பு மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாகத்தான் பின்னுக்குப் போக முடியும். அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது, ஐந்நூறு தடவையளவில் தட்டினால்தான் அவர் பிறந்த மாதம் வரும். நாற்பதாவது தட்டலில் சிரித்துக்கொண்டு நிறுத்தினார். அதை விட்டுவிட்டுச் சமர்ப்பிக்கும் பொத்தானைத் தட்டியபோது ஒரு சத்தமும் இல்லை. திரையில் பிழையான பெட்டிகளைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

"போயிட்டுதோ?" என்றார். அனுப்பிவிட்டதாகவே நினைத்திருக்கிறார். தனியாக இருந்திருந்தால் பதில் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்திருப்பார்.

இந்த மூன்றையும் திருத்துவது ஒரு வடிவமைப்பாளருக்குச் சில மணித்தியால வேலை. கண்டுபிடிப்பதற்குத்தான் ஓர் ஆள் தேவைப்பட்டது.

இப்படிச் சோதிக்க அழைக்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சோதிக்கப்படுவது இணையத்தளம், நீங்கள் அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போரில் பார்வையிழந்த பலர் வளர்ந்த பிறகுதான் திரைவாசிப்பானைப் பழகியவர்கள், தடுமாறினால் தங்களுடைய குறை என்றே நினைப்பார்கள். "இந்தத் தளத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கக்கூடாது, "இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்" என்று ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். இடையில் உதவக்கூடாது, இது மிகவும் கஷ்டம். போக்குவரத்துச் செலவும் அன்றைய நாட்கூலியும் கொடுக்க வேண்டும். பிறவியிலேயே பார்வையற்று, விரல் வேகமாக ஓடும் பட்டதாரி ஒருவரை மட்டும் அழைத்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவெடுப்பதும் பிழை. சுன்னாகம் வாழ்வகம், வன்னியில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்காக இயங்கும் உயிரிழை, யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் போன்ற அமைப்புகள் இருக்கும் இடத்தில், சோதிக்க ஆளில்லை என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது.

பார்வையைப் பற்றியே அதிகம் எழுதிவிட்டேன். செவிப்புலனற்றவருக்குக் காணொளியில் எழுத்து வேண்டும், அழைத்துப் பேச மட்டும் ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தந்துவிட்டு ஒதுங்கக்கூடாது. தலையில் குண்டுச் சிதறலோடு வாழ்பவருக்கு நினைவும் கவனமும் நீண்ட நேரம் நிற்காது. பதினைந்து நிமிடத்தில் பக்கம் காலாவதியாகி எழுதியதெல்லாம் அழிந்துபோனால் அவர் திரும்பத் தொடங்கமாட்டார், நேரத்தை நீடிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டல். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் காட்சி வலிப்பை உண்டாக்கலாம் என்றும் அது எச்சரிக்கிறது. மே மாதம் வந்தால் எங்கள் செய்தித் தளங்கள் சிலவற்றைத் திறந்த உடனேயே முள்ளிவாய்க்கால் காணொளி தானாக ஓடத் தொடங்கும். அந்தச் சத்தம் திரைவாசிப்பானின் குரலை மூடிவிடும், வாசகர் அதை நிறுத்தும் பொத்தானைத் தேடிக்கொள்ளவே முடியாது. அந்தச் சத்தத்துக்குள் இருந்து தப்பி வந்தவர்களே எங்கள் வாசகர்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

குறையைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் கட்டடங்களுக்கும் இடங்களுக்கும் உள்ளே செல்லும் உரிமையைப் பேசுகிறது, இணையம் வீடுகளுக்கு வராத காலத்துச் சட்டம் அது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையோ தகவல் தொழில்நுட்பத்தையும் இணையத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. முறைப்பாடு எழுதும்போது அந்த உறுப்புரையைக் குறிப்பிடலாம். "தளம் சரியில்லை" என்று எழுதினால் பதில் வராது. பக்கத்தின் முகவரி, எந்தப் போன், எந்தத் திரைவாசிப்பான், என்ன செய்ய முயன்றீர்கள், எந்த இடத்தில் நின்றது, அது திருத்தப்படும்வரை அந்தப் படிவம் யுனிகோட் எழுத்தில் மின்னஞ்சலில் வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத முடியாதவர் வாய்மூலமாகவே கோரிக்கையைச் சொல்லலாம், அதை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. கோரிக்கை குறித்து 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். இணையத்தளத்தை அமைக்கக் கொடுத்த ஒப்பந்தத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிபந்தனை ஏதும் இருந்ததா, வேலையைக் கையேற்கும் முன்னர் தமிழ்ப் பக்கத்தை யார் பரிசோதித்தார்கள், அந்தப் பரிசோதனை அறிக்கையின் பிரதி எங்கே என்று கேட்கலாம்.